'சார்' போன பிறகு: மதுரைக்கு மேற்கே ஒரு தொண்டு நிறுவனத்தில் தலைமை மாறிய விதம்

மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டிப் பக்கத்தில் இரண்டு ஒன்றியங்களில் வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தை அதன் நிறுவனர் விட்டுப் போனதைப் பற்றிய பதிவு இது. 2023 சித்திரையில் பேச்சு தொடங்கியது. 2025 தொடக்கம் வரை நடந்ததை இங்கே எழுதியிருக்கிறேன். நிர்வாகக் குழு கேட்டுக்கொண்டதால் அந்தக் காலம் முழுவதும் வெளியாளாகக் கூட்டங்களில் உட்கார்ந்திருந்தேன். தீர்மானப் புத்தகத்தையும் கணக்குகளையும் பார்க்க விட்டார்கள். பெயர்கள் எதுவும் வராது. ஆளையும் ஊரையும் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விவரங்களை வேண்டுமென்றே மாற்றியிருக்கிறேன், எண்ணிக்கைகள் தோராயமானவை.

பின்னணி

நிறுவனம் 1990-களின் கடைசியில் தொடங்கியது. மதுரை வட்டாரத்தில் களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழுக்கள் 1990-லேயே வந்துவிட்டன. 1992-இல் நபார்டு வங்கி சுய உதவிக் குழுக்களை வங்கியோடு இணைக்கும் சோதனை முயற்சியை ஆரம்பித்தது. 1997-98-இல் மாநில அரசின் மகளிர் திட்டம் வந்தது. 2001 ஜனவரியில் களஞ்சியத்தின் சின்னப்பிள்ளை டெல்லியில் விருது வாங்கியபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கியதை இந்தப் பக்கத்துப் பெண்கள் இன்றும் சொல்வார்கள். அந்த அலையில் எழுந்த சிறிய நிறுவனங்களில் இதுவும் ஒன்று.

நிறுவனர் அப்போது முப்பத்தைந்து வயதுக்காரர். சைக்கிளில் ஊர் ஊராகப் போய்க் குழு சேர்த்தவர். இருபத்தைந்து வருடத்தில் அது நான்கு கிளையாக வளர்ந்துவிட்டது. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான தாய்ச் சங்கம் ஒன்று. ஏறத்தாழ 300 மகளிர் குழுக்களைச் சேர்த்த கூட்டமைப்பு ஒன்று, அதற்குத் தனிப் பதிவு. மல்லிகை விவசாயிகளின் உற்பத்தியாளர் கம்பெனி ஒன்று. நான்காவது, வெள்ளாடு வாங்கக் கொடுக்கும் சிறு கடன் வேலை. சட்டப்படி முதல் மூன்றும் தனித்தனி அமைப்புகள். ஊரில் யாருக்கும் அப்படித் தெரியாது. எல்லாமே 'சார் ஆபீஸ்'தான்.

தாய்ச் சங்கத்தில் அவர் செயலர், கூடவே சம்பளம் வாங்கும் இயக்குநர். கம்பெனியில் நிபுணர் இயக்குநர். கூட்டமைப்பில் உறுப்பினராகக்கூட இல்லை. ஆனால் அவர் வராமல் கூட்டம் நடந்ததில்லை. நிர்வாகக் குழுவில் ஏழு பேர். ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர் தலைவர். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி பொருளாளர். மற்றவர்கள் வருடத்துக்கு மூன்று நாலு தடவை வந்து, டீ குடித்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற நல்ல மனிதர்கள்.

முதல் பேச்சு: 2023 மே

அந்த வருடம் மே 5 அழகர் ஆற்றில் இறங்கிய நாள். அலுவலகத்தில் பாதிப் பேர் விடுப்பில் இருந்த அந்த வாரத்தில்தான் நிறுவனர் தலைவரின் வீட்டுக்குப் போய், டிசம்பரோடு முடித்துக்கொள்வதாகச் சொன்னார். வயது 61. மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு, வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். இதைச் சொன்னதும் யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

இன்னொரு காரணத்தைச் சில வாரம் கழித்துத்தான் சொன்னார். 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடை வாங்குவதை முறைப்படுத்தும் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் திருத்தப்பட்டு, அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. கணக்காளர் ஒருவர், ஆவணம் பார்க்க ஒருவர் என்று வைத்திருந்ததைக் குறைத்தார். அவர்கள் பார்த்த வேலை அவர் தலையில் விழுந்தது. வாரத்தில் நாலு நாள் ஊருக்குள் இருந்தவர் நாலு நாள் கணினி முன்னால் உட்கார வேண்டியதாயிற்று. "நான் ஆரம்பிச்ச வேலை இது இல்ல" என்றார். மனைவியின் உடல்நிலை காரணம் என்பதில் பொய்யில்லை. ஆனால் இந்த இரண்டாவது காரணத்தை மறந்துவிட்டு அடுத்தவரைத் தேடினால், வருகிறவரும் மூன்று வருடத்தில் இதையேதான் சொல்வார்.

அடுத்த ஆள் கிடைக்கும்வரை வெளியே மூச்சு விட வேண்டாம் என்பது தலைவரின் யோசனை. பொருளாளர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆள் தேடுவதற்கு முன்னால், இவர் கையில் என்னென்ன இருக்கிறது என்று எழுதுவோம் என்றார். அதற்கு அவர் ஒரே கேள்வியைத்தான் வைத்தார்: "நாளைக்கு சாரோட போன் தொலஞ்சுபோச்சுன்னா எதெது நிக்கும்?"

கணக்கெடுத்தபோது தெரிந்தவை

எல்லாமே நின்றுபோகும் என்பது இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. வங்கி ஓடிபி, வருமான வரித் தளம், வெளிநாட்டு நிதித் தளம், தொண்டு நிறுவனங்களுக்கான தர்பண் பதிவு, கம்பெனியின் ஜிஎஸ்டி என்று எல்லாவற்றுக்கும் அவருடைய சொந்த எண்தான். கணினியில் கையொப்பமிடும் டோக்கன் அவர் தோள்பையில் இருந்தது. அலுவலக மின் இணைப்பும் அவர் பெயரில்.

இவையெல்லாம் சலிப்பூட்டும் வேலை, ஆனால் முடிகிற வேலை. அடுத்துத் தெரிந்த இரண்டு விஷயங்கள் அப்படியில்லை. அலுவலகக் கட்டடம் நிற்கிற பத்து சென்ட் நிலம் அவருடைய சொந்தப் பெயரில் பத்திரமாகியிருந்தது. சங்கம் பதிவாவதற்கு முன்னால் அவசரத்தில் வாங்கியது. 'அப்புறம் மாத்திக்கலாம்' என்று விட்டதில் இருபது வருடம் ஓடிவிட்டது. மல்லிகைக் கம்பெனி வங்கியில் அன்றாட வியாபாரச் செலவுக்கு வாங்கியிருந்த நடைமுறைக் கடனுக்கு அவர் சொந்த ஜாமீன் கொடுத்திருந்தார். நிர்வாகக் குழுவில் மூன்று பேருக்கு அப்போதுதான் இது தெரிந்தது.

கூட்டமைப்பு விஷயத்தில் இன்னொன்று. ஒவ்வொரு குழுவின் சேமிப்பும் அந்தந்தக் குழுவின் வங்கிக் கணக்கில் இருந்தது, அதில் பிரச்சினையில்லை. ஆனால் குழுக்கள் சேர்ந்து போட்ட பொதுநிதிக் கணக்கில் மூன்று பேரில் யாராவது இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் பணம் எடுக்கலாம். அந்த மூவரில் ஒருவர் நிறுவனர். வங்கி மேலாளர் ஒருவர் பல வருடத்துக்கு முன் 'படிச்ச ஆள் ஒருத்தர் இருக்கட்டும்' என்று சொன்னதால் வந்த ஏற்பாடு. பணம் ஒரு ரூபாய் குறையவில்லை. ஏற்பாடு தப்பு.

கடைசியாக வாய்வார்த்தைகள். இந்தப் பட்டியலைக் கேட்டது ஒருங்கிணைப்பாளர். களப்பணியாளராகச் சேர்ந்து பதினான்கு வருடம் வேலை பார்த்த பெண். காமராசர் பல்கலைக்கழகத்தில் தபால்வழியில் பட்டம் வாங்கியவர். "சார், நீங்க யார் யார்கிட்ட என்னென்ன சொல்லியிருக்கீங்கன்னும் எழுதணும். நாளைக்கு அவங்க எங்ககிட்டதான் வந்து நிப்பாங்க" என்றார். நிறுவனர் முதலில் சிரித்தார். அப்புறம் சொல்லச் சொல்ல இருபதைத் தாண்டியது. கொரோனாவில் இரண்டு உறுப்பினர்களை இழந்த குழுவுக்கு வட்டித் தள்ளுபடி. ஆடு செத்துக் காப்பீடு கிடைக்காத ஐந்து பேருக்கு அசலை நிறுத்திவைப்பது. ஒரு பணியாளரின் மகளுக்குக் கல்லூரிக் கட்டண முன்பணம். ஊராட்சி நிகழ்ச்சிகளுக்குக் கூடத்தை வாடகையில்லாமல் கொடுப்பது. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் இரண்டு கமிஷன் கடைக்காரர்களோடு ஒரு புரிதல். அதைப் பற்றிப் பின்னால் வருகிறது. எதுவுமே எழுத்தில் இல்லை. அவர் சொல்லும்போது ஒருங்கிணைப்பாளர் இடையில் புகுந்து நாலைந்தை ஞாபகப்படுத்தினார்.

என் பார்வையில் அந்தக் கோப்பிலேயே உருப்படியான தாள் அதுதான். நிர்வாகக் குழு அதைக் கடைசியாகத்தான் எடுத்துப் பார்த்தது. கையொப்பங்களைப் பற்றி மூன்று கூட்டம் பேசியவர்கள் இந்தப் பட்டியலுக்கு ஒதுக்கியது அரை மணி நேரம்.

செய்தி கசிந்தது: ஜூன்

மூடிவைத்த செய்தி ஐந்து வாரம்கூடத் தாங்கவில்லை. யார் சொன்னது என்று யாரும் தேடவில்லை, தேடாதது நல்லது. டீக்கடையில் 'சார் போறாராம்' என்று தொடங்கியது, சந்தை நாளுக்குள் 'சார் ரூவாயை எடுத்துக்கிட்டுப் போறாராம்' ஆகிவிட்டது. மக்களைக் குறை சொல்வதற்கில்லை. நிதி நிறுவனத்தில் பணம் போட்டு ஏமாந்த ஒரு சொந்தக்காரராவது இல்லாத வீடு இந்தப் பக்கம் குறைவு. நல்லவர் என்று பேரெடுத்த ஆள் திடீரென்று போகிறார் என்றால் என்ன அர்த்தம் என்பதை அவர்கள் அனுபவத்தில் கற்றிருக்கிறார்கள்.

மூன்று குழுக்கள் பொதுநிதியில் தங்கள் பங்கைத் திருப்பிக் கேட்டு எழுதிக் கொடுத்தன. ஒரு களப்பணியாளரைத் தவணை வசூலுக்குப் போன இடத்தில் உட்காரவிடாமல் திருப்பி அனுப்பினார்கள்.

நிர்வாகக் குழு அவசரமாகக் கூடியது. துண்டறிக்கை அடித்து மறுக்கலாம் என்றார் ஒருவர். பொருளாளர் வேண்டாம் என்றார். காசைப் பற்றிய வதந்திக்குக் காகிதத்தில் பதில் சொன்னால் சந்தேகம் கூடும், பாஸ்புக்கைக் காட்ட வேண்டும் என்பது அவர் வாதம். ஜூலை மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் நிறுவனரே வந்து சொல்வது, எல்லாக் கணக்குப் புத்தகங்களையும் மேசையில் வைப்பது என்று முடிவானது. கூட்டத்தைக் கூட்டமைப்பின் தலைவிதான் நடத்துவார், நிறுவனர் மேடையில் உட்காரமாட்டார் என்பதையும் சேர்த்தே முடிவு செய்தார்கள். இந்த இரண்டாவது நிபந்தனையைச் சொன்னவர் ஒருங்கிணைப்பாளர்.

கூட்டமைப்புக் கூட்டம்: ஜூலை

ஊருக்கு இரண்டு பேர் வீதம் 120 பேர்வரை வந்திருந்தார்கள். தலைவி ஐம்பது வயதுக்காரர், ஐந்தாவதுவரை படித்தவர், நூறு நாள் வேலைக்கும் போவார், கூட்டமைப்புக் கணக்கையும் கரைத்துக் குடித்தவர். நிறுவனர் உடல்நிலை, குடும்பம், இருபத்தைந்து வருடம் என்று தொடங்கியதும் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். தலைவி கொஞ்ச நேரம் விட்டுவிட்டுக் கேட்டார்:

"நீங்க போறது உங்க இஷ்டம் சார். வீட்டுல அம்மாவைப் பார்க்கணும், அதுல நாங்க ஒண்ணும் சொல்றதுக்கில்ல. எங்க ரூவா எங்க இருக்கு, இனிமே கையெழுத்து யாரு, எந்தத் தேதியிலருந்து நீங்க வரமாட்டீங்க. இந்த மூணையும் மட்டும் சொல்லுங்க."

அதற்குப் பிறகு அழுகை நின்றுவிட்டது. பொருளாளர் பொதுநிதிப் பாஸ்புக்கை எடுத்து, நேற்றுவரை பதிவான இருப்பைச் சத்தமாக வாசித்தார். ஊர்வாரியாகப் பங்குத் தொகையை எழுதிய தாள் கைக்குக் கை போனது. கையெழுத்து விஷயத்துக்கு வந்தபோது நிறுவனரே, தன் பெயர் அந்தக் கணக்கில் இருக்கக் கூடாது, இன்றைக்கே எடுத்துவிடுங்கள் என்றார். அங்கேயே தீர்மானம் எழுதி, அவருக்குப் பதிலாகக் கூட்டமைப்பின் துணைத்தலைவியைச் சேர்த்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியம்மா, "போறவுக கணக்க முடிச்சுட்டுத்தானே தம்பி போகணும். முடிச்சாச்சுல்ல, சரி" என்றார். கூட்டம் சிரித்தது.

பங்கு கேட்ட மூன்று குழுக்களில் இரண்டு அந்த வாரமே கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டன. மூன்றாவது குழுவுக்குப் பத்து நாளில் பணம் கொடுக்கப்பட்டது. இழுத்தடிக்காமல் கொடுத்தது அடுத்த ஊர்களில் எடுபட்டது. 'கேட்டா குடுக்குறாங்க' என்பதுதான் அங்கே பேச்சாயிற்று.

அடுத்தவர் யார்: ஆகஸ்ட் முதல் அக்டோபர்

விளம்பரம் கொடுத்தார்கள். இறுதியில் மூன்று பேர். சமூகப்பணியில் முதுகலை முடித்து, சென்னையில் பெரிய நிறுவனமொன்றின் சமூகப் பொறுப்புப் பிரிவில் இருந்த ஒருவர். பக்கத்து மாவட்டத்தில் வேறொரு தொண்டு நிறுவனத்தை நடத்தியவர். மூன்றாவது ஒருங்கிணைப்பாளர்.

நிதி கொடுக்கும் இரண்டு அமைப்புகளும் முதலாமவரைத்தான் விரும்பின. நேரடியாகச் சொல்லாமல், 'ஆங்கிலத்தில் திட்ட அறிக்கை எழுதத் தெரிந்த தலைமை' என்று கடிதத்தில் எழுதின. நிர்வாகக் குழு மூன்றுக்கு மூன்று பிரிந்து நின்றது. ஒருங்கிணைப்பாளருக்கு எதிரான காரணங்களாக ஆங்கிலம், வெளித்தொடர்பு, 'கடுமையா பேச வராது' என்பவை புத்தகத்தில் பதிவாகியிருக்கின்றன. பதிவாகாத ஒன்றும் இருந்தது. இந்த ஒன்றியங்களில் பெரும்பான்மையாக உள்ள சாதி அவருடையது அல்ல. கூட்டத்தில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. 'ஊர்ல ஏத்துக்குவாங்களா' என்ற கேள்விக்குள் அதுதான் இருந்தது. பொருளாளர் அந்தக் கேள்வியைக் கேட்டவரிடம், பதினான்கு வருடமாக அந்த ஊர்களில் வசூல் பண்ணுவது யார் என்று திருப்பிக் கேட்டார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

எடுத்த முடிவு இது. செயலர் பதவியையும் இயக்குநர் வேலையையும் பிரிப்பது. செயலராக நிர்வாகக் குழுவிலிருந்து சம்பளம் வாங்காத ஒருவர். அந்த ஊர்ப் பக்கத்து வழக்கறிஞர் ஒத்துக்கொண்டார். ஒருங்கிணைப்பாளரை ஆறு மாதத்துக்குப் பொறுப்பு இயக்குநராக்குவது. திட்ட அறிக்கை எழுத மதுரையிலிருந்து பகுதி நேரத்துக்கு ஒருவரை அமர்த்துவது. காரணத்தைத் தலைவர் தெளிவாகவே எழுதியிருக்கிறார்: அறிக்கை எழுதுகிற ஆளைச் சம்பளத்துக்கு வாங்க முடியும், 300 குழுக்களுக்கு முகம் தெரிந்த ஆளை வாங்க முடியாது. முடிவு சரியானது. 'பொறுப்பு' என்ற அந்த ஆறு மாத வால் தேவையில்லாதது. வெளியாளை எடுத்திருந்தால் அப்படிப் போட்டிருப்பார்களா என்று ஒருங்கிணைப்பாளரே என்னிடம் கேட்டார். பதில் அவருக்கும் தெரியும்.

காகிதங்கள்: நவம்பர் முதல் மார்ச்

நிர்வாகிகள் மாற்றத்துக்கு மாவட்டப் பதிவாளரிடம் படிவம் 7 தாக்கல் செய்தது சிக்கலில்லாமல் முடிந்தது. வெளிநாட்டு நிதிப் பக்கம் அப்படியில்லை. முக்கியப் பொறுப்பாளர் மாறினால் உள்துறை அமைச்சகத்தின் தளத்தில் எஃப்சி-6இ படிவத்தில் தெரிவிக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பணம் முதலில் வந்து சேரும் கணக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில்தான் இருக்க வேண்டும். கையொப்பதாரரை மாற்றும் தாள்கள் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து டெல்லிக்குப் போய், ஒரு கையெழுத்து ஒத்துவரவில்லை என்று திரும்பி வந்து, மறுபடி போயின. அதற்குள் வெளிநாட்டு நிதியில் ஓடிய வேலையின் ஒன்பது பணியாளர்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் நின்றுவிட்டது.

கூட்டமைப்பின் பொதுநிதியிலிருந்து கைமாற்று வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். தலைவிகூடச் சரி என்றார். நிர்வாகக் குழு மறுத்துவிட்டது. பெண்களின் பணம் சங்கத்தின் பணமில்லை என்று ஜூலையில் பாஸ்புக்கைக் காட்டிச் சொல்லிவிட்டு, ஜனவரியில் அதிலிருந்து சம்பளம் கொடுத்தால் அன்றைக்குச் சொன்ன அத்தனையும் வீண். சங்கத்தின் உள்ளூர் நிதியில் இருந்த வைப்புத்தொகையை உடைத்துச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்தார்கள். வட்டி போயிற்று. இந்த இரண்டு வருடத்தில் அவர்கள் எடுத்த மிக நல்ல முடிவு இது என்று நினைக்கிறேன்.

சம்பளம் நின்றதில் நான்கு பேர் வேலையை விட்டார்கள்.

நிலத்தை நிறுவனர் தானப்பத்திரமாக எழுதிக்கொடுத்தார். குடும்பத்துக்கு வெளியே கொடுக்கும் தானத்துக்கு வழிகாட்டி மதிப்பில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அந்தச் செலவை அவர் தலையில் கட்டக் கூடாது என்று சங்கமே ஏற்றது. அவருடைய மகன் ஒரு வாரம் கையெழுத்துப் போட விடவில்லை என்று கேள்விப்பட்டேன். நிலத்தின் விலை இருபது வருடத்தில் எங்கேயோ போயிருந்தது. மகனுக்கு அது வலித்திருக்கும். கடைசியில் அவரே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

முதல் மார்கழி

டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுவனர் விலகினார். பாராட்டு விழா நடந்தது, சால்வை போர்த்தினார்கள். அதே நாட்களில் மல்லிகைக் கம்பெனி சரியத் தொடங்கியிருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

மல்லிகை வியாபாரம் எப்படி நடக்கிறது என்று சொல்லாமல் இது புரியாது. மொட்டை விடியற்காலையில் பறித்து, மலர்வதற்குள் மார்க்கெட்டில் சேர்க்க வேண்டும். பனிக்காலத்தில் மொட்டு பிடிப்பது குறைந்து, மார்கழியிலும் தை முகூர்த்தங்களிலும் விலை கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும். கோடையில் பூ குவிந்து சில நூறுக்கு விழும். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விலை ஏறி இறங்குவதை அது மாற்றவில்லை. விவசாயிக்குச் சாகுபடிச் செலவுக்கும் வீட்டு விசேஷத்துக்கும் முன்பணம் கொடுப்பது கமிஷன் கடைக்காரர். வாங்கியவர் அந்தக் கடைக்கே பூப் போட வேண்டும். இந்தக் கட்டிலிருந்து விடுபடத்தான் கம்பெனியே தொடங்கினார்கள். ஆனால் கம்பெனியும் அதே மார்க்கெட்டில்தான் விற்றாக வேண்டும்.

நிறுவனர் தினமும் அதிகாலையில் இரண்டு கடைக்காரர்களுக்கும், பூ மிஞ்சும் காலத்தில் வாசனைத் தைல ஆலை ஒன்றுக்கும் போன் போடுவார். அன்றைய விலையை முன்கூட்டியே ஓரளவு கறந்துவிடுவார். அதற்குப் பதிலாக, கடைக்காரருக்குப் பணம் முடையான நாளில் கம்பெனி இரண்டு மூன்று நாள் பொறுத்துக்கொள்ளும். கம்பெனி விவசாயிகளுக்குச் சொன்னபடி பணம் கொடுக்க, இடைவெளியை நடைமுறைக் கடனில் நிரப்புவார். இதுதான் அந்தப் 'புரிதல்'. ஜூன் மாதப் பட்டியலில் ஒரே வரியாக இருந்தது.

புதியவர், அதாவது பொறுப்பு இயக்குநரான ஒருங்கிணைப்பாளர், எண்களை வாங்கி வைத்திருந்தார், காலையில் பேசவும் செய்தார். கடைக்காரர்கள் மரியாதையாகவே பேசினார்கள். விலையை மட்டும் சொல்லவில்லை. "பூவைக் கொண்டாங்கம்மா, பார்த்துக்கலாம்" என்றார்கள். ஏன் என்று பின்னால் ஒருவரைக் கேட்டபோது, "சாருக்கு நாங்க பட்டிருக்கோம். இவங்களை எங்களுக்குத் தெரியாதுல்ல" என்றார். முன்கூட்டியே விலை சொல்ல முடியாத கம்பெனிக்கு, விலை உச்சத்தில் இருக்கும் மாதத்தில் யார் பூப் போடுவார்கள்? முன்பண பாக்கி இருந்தவர்களைக் கடைக்காரர்கள் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். வண்டி வாடகை மட்டும் குறையவில்லை. தை கடைசியில் ஐந்து சேகரிப்பு இடங்களில் இரண்டை மூடினார்கள்.

போனவர் எங்கே இருப்பது

ஆலோசகர் என்ற பேரில் அலுவலகத்தில் ஓர் அறை வேண்டும் என்று நிறுவனர் விரும்பினார். நிர்வாகக் குழு மறுத்தது. நிலம், ஜாமீன் இரண்டு வேலைக்கும் மட்டும் மூன்று மாதம் கூப்பிட்டால் வருவது, ஓராண்டுக்கு எந்தப் பதவியும் இல்லை என்று எழுத்தில் கொடுத்தார்கள். அவருக்கு மனத்தாங்கல். தலைவரோடு சில மாதம் பேசவில்லை.

அறை இல்லாவிட்டாலும் அவர் வீடு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில்தான். சாயங்காலம் பணியாளர்கள் அங்கே போனார்கள். புதியவர் எடுத்த முடிவு அவர் வீட்டுத் திண்ணையில் அலசப்பட்டது. 'சார் இருந்தா இப்படிச் செஞ்சிருக்க மாட்டார்' என்று மறுநாள் காலை அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. ஆடு செத்தவர்களுக்கு அசலை நிறுத்திவைத்ததை முடிவுக்குக் கொண்டுவரப் புதியவர் முயன்றபோது இது வெடித்தது. ஐந்து பேரும் நேராகப் பழையவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இதை முடித்து வைத்தது நிர்வாகக் குழு இல்லை, கூட்டமைப்பின் தலைவி. நிறுவனர் வீட்டுக்குப் போய், "சார், நீங்க குடுத்த வாக்கு எங்களுக்குப் புரியுது. அதை நீங்களே வந்து கூட்டத்துல சொல்லுங்க, நாங்க எழுதிக்கிறோம். வீட்டுல வச்சுச் சொல்லாதீங்க" என்றார். 2024 ஏப்ரல் கூட்டத்துக்கு அவர் வந்தார். பட்டியலில் இருந்த வாய்வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். எதை ஏற்பது, எதை விடுவது என்று அங்கேயே முடிவானது. வட்டித் தள்ளுபடியை ஏற்றார்கள். ஆட்டுக்கடனில் பாதி அசலைக் கட்டச் சொன்னார்கள். கூடத்துக்கு வாடகை பேசி வாங்குவதாயிற்று. மே மாதம் புதியவரின் 'பொறுப்பு' நீங்கி, இயக்குநரானார்.

2025 தொடக்கத்தில் நிலவரம்

பதினொரு குழுக்கள் விலகியிருந்தன. பெரும்பாலானவை அரசின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் சேர்ந்துவிட்டன. அதை நட்டம் என்று சொல்ல முடியாது. மிச்சமிருந்த குழுக்களின் வங்கிக் கடன் தடைப்படவில்லை. 10 லட்சம் ரூபாய் வரையிலான குழுக் கடனுக்கு வங்கி ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதனால் அங்கே 'சார்' தேவைப்படவில்லை, குழுவின் திருப்பிக் கட்டிய வரலாறே போதுமாயிற்று. நிதி கொடுத்த இரண்டு அமைப்புகளில் ஒன்று ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. மல்லிகைக் கம்பெனி மூன்று இடங்களோடு சுருங்கி ஓடுகிறது. இரண்டாவது மார்கழியில் ஒரு கடைக்காரர் விலை சொல்ல ஆரம்பித்திருந்தார்.

மறுபடி செய்வதானால்

நிர்வாகக் குழுவோடு உட்கார்ந்து பேசியபோது எல்லோரும் ஒத்துக்கொண்டது வரிசையைப் பற்றி. வாய்வார்த்தைப் பட்டியலை ஜூனிலேயே கூட்டமைப்புக் கூட்டத்தில் வைத்திருந்தால் சில மாதத் திண்ணைப் பஞ்சாயத்து இல்லாமல் போயிருக்கும். டெல்லிக் கணக்கின் கையொப்ப மாற்றத்தை அவர் பதவியில் இருக்கும்போதே, இன்னொருவரைக் கூடுதலாகச் சேர்ப்பதாகத் தொடங்கியிருக்கலாம். விலகும் தேதியை டிசம்பர் 31 என்று வைத்ததும் பிசகு. ஆங்கில வருடம் முடிகிறது என்பதைத் தவிர அந்தத் தேதிக்குக் காரணமில்லை. பூ வியாபாரத்தைக் கைமாற்றுவதற்கு அதைவிட மோசமான மாதம் கிடையாது. கோடையில், பூ மிஞ்சும் காலத்தில், அதிகாலைப் போனை இரண்டு பேரும் சேர்ந்து போட்டிருந்தால் கடைக்காரருக்கும் பழகியிருக்கும். அறை கொடுக்காததில் மட்டும் கருத்து வேறுபாடு இருக்கிறது. தலைவர் இன்னும் அது சரி என்கிறார். அறை கொடுத்திருந்தால் பேச்சு திண்ணைக்குப் போகாமல் அலுவலகத்திலேயே நடந்திருக்கும், கண்ணுக்குத் தெரிந்திருக்கும் என்கிறார் இயக்குநர். நான் தலைவர் பக்கம்தான், ஆனால் இயக்குநர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது.

பொருளாளர் வங்கி வழக்கத்திலிருந்து ஒரு விதியைக் கொண்டுவந்தார். இயக்குநர் வருடத்தில் தொடர்ந்து பத்து வேலை நாள் கட்டாய விடுப்பில் போக வேண்டும். அப்போது அலுவலகத்திலிருந்து அவரைக் கூப்பிடக் கூடாது. முதல் தடவை போனபோது நாலாம் நாளே கூப்பிட வேண்டியதாயிற்று. ஜிஎஸ்டி ஓடிபி அவர் எண்ணுக்கு வந்திருந்தது.

ஜாமீன் இன்னும் தீரவில்லை. வேறு ஈடு இல்லாமல் பழைய ஜாமீனை விடுவிக்க முடியாது என்றது வங்கி. உற்பத்தியாளர் அமைப்புகளுக்கான கடன் உத்தரவாத நிதிக்குக் கம்பெனி விண்ணப்பித்திருக்கிறது. அதுவரை நட்டம் வந்தால் சங்கம் ஈடு செய்யும் என்று நிறுவனருக்கு ஒரு கடிதம் கொடுக்க நிர்வாகக் குழு விரும்பியது. சங்கத்தின் அறப்பணிப் பணத்தை வைத்து ஒரு கம்பெனியின் கடனுக்குப் பொறுப்பேற்க முடியாது என்று ஆடிட்டர் தடுத்துவிட்டார். இப்போது கம்பெனியின் இயக்குநர்களான ஐந்து பூ விவசாயிகள் தங்கள் சொந்தப் பெயரில் அந்தக் கடிதத்தைக் கொடுக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.